ஞாயிற்றுக்கிழமைக் கடைச் சோறு

கரைத்தீவில் வாரத்துக்கு நாயகமான தினம் வெள்ளிக்கிழமையே. வியாழக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்னரே வலைகளைக் கரையேற்றி உலர்த்திவிட்டால், மறுநாள் ஜும்ஆத் தொழுகை முடியும்வரை எந்தத் தோணியும் களப்பில் இறங்கலாகாது என்பது முஸ்லிம்களாகிய எங்கள் ஊரார் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சட்டம். ஞாயிற்றுக்கிழமையோ அரசாங்கம் கொடுத்த விடுமுறை; பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் என்பதைத் தவிர ஊருக்குள்ளே அதற்கு ஒரு விசேஷமும் கிடையாது. அப்படியிருந்தும், என் பால்யத்திலே நான் வாரம் முழுவதும் எதிர்பார்த்திருந்த தினம் ஞாயிற்றுக்கிழமைதான். புத்தளம் பட்டணத்து மீன் சந்தையும், அந்தச் சந்தையில் கிடைத்த லாபத்தில் ஒரு சிறு பங்கை வாப்பா தாராளமாகச் செலவிட்ட ஒரு பழைய சாப்பாட்டுக் கடையுமே அதற்குக் காரணம்.

மீன் வியாபாரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இருந்த சம்பந்தத்தை வாப்பாதான் எனக்கு விளக்கிச் சொன்னார். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வழியாகக் கல்பிட்டி வரைக்கும் மேற்குக் கரையில் கடற்றொழில் செய்வோரில் கத்தோலிக்கர் மிகுதி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பூசைக்குப் போவார்களேயன்றித் தொழிலுக்குப் போகமாட்டார்கள். ஆகவே அன்று காலையில் சந்தைக்கு வரும் மீன் குறையும்; உத்தியோகத்தர் வீடுகளிலோ அன்றைக்குத்தான் நிதானமாக உட்கார்ந்து நல்ல மீன் சமைத்துச் சாப்பிடும் ஆசை கூடும். வரத்துக் குறைந்து தேவை கூடுகின்ற அந்த ஒரு காலைப் பொழுதில், சனிக்கிழமை இரவு முழுதும் களப்பில் கிடந்த எங்கள் ஊர்த் தோணிகள் மணலையும் ஒராவும் இறாலும் கொண்டுவந்து இறக்கினால் விலை தானாக ஏறும். "அவங்கட ஞாயிறு நமக்கு லாபம், நம்மட வெள்ளி அவங்களுக்கு லாபம், அல்லாஹ் எல்லாருக்கும் ஒவ்வொரு நாளைப் பங்கு வெச்சிருக்கான், மகன்" என்பார் வாப்பா. பொருளாதார சாஸ்திரத்தைப் பிற்காலத்தில் நான் புத்தகத்தில் படித்தபோது, அதன் முதல் அத்தியாயம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

கரைத்தீவு புத்தளத்துக்கு வடக்கே, சேரக்குளிக்கும் வண்ணாத்திவில்லுக்கும் அண்டையிலுள்ள கரையோரக் கிராமம். ஒரு பக்கம் நீர். மறு பக்கம் பொன்பரப்பி, எழுவங்குளம் என்று விரிந்து வில்பத்துக் காட்டிலே போய் முடிகின்ற வறண்ட நிலம். 1958 ஆம் ஆண்டு ஜனவரியில் பஸ் வண்டிகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துப் போக்குவரத்துச் சபையிடம் ஒப்படைத்த பிறகும், எங்கள் பக்கத்து வீதி அதனால் பெரிய சௌகரியம் ஒன்றையும் கண்டுவிடவில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாய் விரித்தால் தோணி தெற்கு நோக்கித் தானாகவே போகும். திரும்பி வருவதுதான் கஷ்டம். சோளகக் காலத்தில் போவது கஷ்டம், வருவது சுகம். காற்று இரண்டுக்கும் இசையாத நாட்களில் விறகு லொறியோ கருவாட்டு லொறியோ கிடைத்தால் அதன் மேலே ஏறிக்கொள்வோம். எப்படிப் போனாலும் விடியுமுன் புறப்பட்டாக வேண்டும். மீன் கூடையின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, அதன்மேல் என்னை உட்காரவைத்து, "சாக்கு காயாமப் பாத்துக்கோ" என்று வாப்பா எனக்கு ஓர் உத்தியோகமும் கொடுத்திருந்தார்.

புத்தளம் அந்நாளிலேயே பழைய பட்டணம். 1344 ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து கப்பலேறி வந்த இப்னு பதூதா என்ற மொரோக்கோ தேசத்து யாத்திரிகர் பத்தாலா என்று குறிப்பிடும் துறைமுகம் இந்தப் புத்தளமே என்பது சரித்திர ஆசிரியர் பலரின் துணிபு. அந்நாள் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை அங்கே விருந்தினராக ஏற்று, முத்துக்களைக் காட்டி மகிழ்வித்து, பாவா ஆதம் மலைக்கு யாத்திரை போவதற்கு வேண்டிய ஆட்களையும் பல்லக்கையும் கொடுத்து அனுப்பினார் என்பது அவருடைய பிரயாண நூலில் உள்ள செய்தி. அந்த அரண்மனையின் சுவடு எதையும் நான் காணவில்லை. நான் கண்ட புத்தளம் உப்பளங்களின் வெண்மையும், 1926 இல் வந்து சேர்ந்த ரயில் பாதையும், பெரிய பள்ளிவாசலும், தெருவெல்லாம் தம் சொந்தம் என்ற பாவனையில் திரிந்த கழுதைகளும் சேர்ந்த பட்டணம். கழுதைகளுக்கு உடையவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. எனினும் சந்தை எப்போது கலையும், எந்தக் கடையின் பின்வாசலில் எந்த வேளையில் மரக்கறித் தோல் கொட்டுவார்கள் என்ற நேரசூசிகையை அவை பிழையின்றி அறிந்திருந்தன.

சந்தையில் ஏலம் முடிவதற்கு முன்பே வாப்பா ஒரு கூடையைத் தனியாக எடுத்து ஒதுக்கிவைப்பார். அது அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு. கடையின் கோக்கி, வயதில் வாப்பாவுக்கு மூத்தவர், தாமே வந்து மீனைப் பொறுக்குவார். கண்ணைப் பார்ப்பார், செவுளைத் தூக்கி அதன் சிவப்பைப் பார்ப்பார், கடைசியாக வயிற்றுப் பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திவிட்டு, குழி விழுகிறதா, சதை திரும்பி எழும்புகிறதா என்று சற்று நேரம் மௌனமாக நிற்பார். அந்த மௌனத்தின்போது வாப்பாவும் பேசமாட்டார். விலையைப் பற்றி அவர்களுக்குள் தர்க்கம் நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. சந்தையில் அன்று கடைசியாக நின்ற விலை எதுவோ அதுவே கணக்கு. ஆனால் நேற்றைய மீன் ஒன்று கூடையில் தவறி விழுந்திருந்தால் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இது கருவாட்டுக்கு நல்லது, நானா" என்று மட்டும் சொல்வார். அதைவிடக் கடுமையான கண்டனத்தை வாப்பா வேறு எவரிடமும் கேட்டிருக்கமாட்டார்.

கூடைகள் காலியாகி, காசை எண்ணி மடியிலே முடிந்து, உம்மா சொல்லியனுப்பிய மல்லி, மிளகாய், மாசி, சீனி முதலிய சாமான்களை வாங்கி ஓரிடத்தில் ஒப்படைத்துவிட்டு, பெரிய பள்ளிவாசலில் லுஹர்த் தொழுகையையும் நிறைவேற்றிய பின்னரே சாப்பாட்டு நினைவு வரவேண்டும் என்பது வாப்பாவின் ஒழுங்கு. என் வயிறு அந்த ஒழுங்குக்கு உட்பட மறுத்த சமயங்கள் உண்டு. தொழுது முடித்துக் கடைப் படியேறும் வேளையில் வெயில் உச்சியில் நிற்கும்; உள்ளே கால் வைத்ததும் கண் சிறிது நேரம் இருட்டிக் கிடக்கும்; அந்த இருட்டில் முதலில் வந்து எதிர்கொள்வது வாசனை. தாளித்த ரம்பையும் கறிவேப்பிலையும், இறைச்சிக் கறியின் கறுவாப்பட்டையும், ஈர மரத்தூளின் நெடியும், சுடுநீரில் விழுந்த தேயிலையின் மணமும் ஒன்றாகக் கலந்த அந்த வாசனையைப் பிற்காலத்தில் கொழும்பிலும் அதற்கு அப்பாலும் எத்தனையோ கடைகளில் தனித்தனியாகச் சந்தித்திருக்கிறேன், சேர்த்துச் சந்தித்ததில்லை.

வாசலில் கண்ணாடி அலுமாரி. அதற்குள்ளே பணிசும் கட்லெட்டும். பக்கத்தில் முதலாளியின் மேசை. அதற்கு மேலே சட்டம் போட்ட குர்ஆன் வசனம், நாட்காட்டி, பகல் முழுதும் தணிவாகப் பேசிக்கொண்டிருக்கும் ரேடியோ. உள்ளே சலவைக்கல் பதித்த வட்ட மேசைகள். கல்லில் ஓடிய விரிசல்களிலே பல வருஷத்து மஞ்சள் ஊறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அந்த மேசைகளைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் வகை விநோதமானது: உப்பளத்துக் கங்காணி, தப்போவக் குளத்தின்கீழ் நெல் விதைத்த சிங்கள விவசாயி, ரயிலில் வந்திறங்கிய புடைவை வியாபாரி, தலவில் அன்னம்மாள் கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைத்துப் போகிற குடும்பத்தின் ஆண்கள், அரபு மத்ரசாவில் ஓதும் பிள்ளையைப் பார்க்க வந்த தகப்பன், எங்களைப் போலக் கரையோரத்து ஆட்கள். இவர்கள் வேறு எங்கும் ஒரே மேசையில் உட்கார நியாயமில்லை. இடம் காலியான கதிரையில் உட்காரவேண்டியது என்ற கடைச் சட்டம், கலியாண வீட்டில்கூடச் செய்ய முடியாத சமத்துவத்தை அங்கே அநாயாசமாகச் செய்துவிட்டது.

உட்கார்ந்ததும் பரிமாறுகிற நானா வருவார். தோளிலே துவாய், காதிலே பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. முழங்கை வரைக்கும் பீங்கான்களை அடுக்கிக்கொண்டு வந்து, ஒன்றோடொன்று மோதாமல் மேசையில் இறக்கிக்கொண்டே, "மாட்டிறைச்சி, ஈரல், பாபத்து, கோழி, பாரை, மணலை, இறால் பிரட்டல்" என்று ஓதுவதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். முதலில் சோறு, நாட்டரிசிச் சோறு, சற்றே சிவந்தது, உதிரியாக நிற்பது. அதைச் சுற்றிப் பருப்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், வல்லாரைச் சுண்டல், ஒரு கரண்டி தேங்காய்ச் சம்பல், உடையாத பப்படம். இவையெல்லாம் சோற்றின் விலையோடு சேர்ந்தவை. எத்தனை தரம் கேட்டாலும் வரும். இறைச்சிக்கும் மீனுக்கும்தான் தனி விலை. அவை சின்னக் கிண்ணத்தில் எண்ணி வைத்த துண்டுகளாக வரும். வாப்பா எப்போதும் மாட்டிறைச்சியே கேட்பார். வாரத்தில் ஆறு நாளும் மீன் தின்கிறவன் பட்டணத்துக்கு வந்தும் மீனா தின்பான் என்பது அவருடைய நியாயம். அந்தக் கறியின் நிறம் கறுப்பு என்றே சொல்ல வேண்டும். மல்லியையும் மிளகாயையும் கருகுமுன் இறக்கிய பதத்தில் வறுத்து இடித்த தூளில், மெல்லிய தீயில் காலையிலிருந்தே கிடந்து வெந்தது. எலும்போடு ஒட்டிய சதையை விரலால் தொட்டால் அது தானே விலகிக் கொடுக்கும்.

நாங்கள் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கேளாமலே இன்னொரு கிண்ணம் மேசைக்கு வரும். அதிலே தேங்காய்ப்பால் விட்டு, கொறக்காய் போட்டு ஆக்கிய மீனாணமும், நடுவே ஒரு துண்டு மணலையும் இருக்கும். கோக்கி குசினி வாசலில் நின்றபடியே, "அது உங்கட மீன்தான், நானா. ருசி பாத்துச் சொல்லுங்க" என்பார். வாப்பா ஒரு விள்ளலை எடுத்து வாயிலிட்டு, மற்றதை என் பீங்கானில் வைத்துவிட்டு, தலையை ஒருமுறை அசைப்பார். அந்தத் தலையசைப்பைக் கண்டபின்தான் கோக்கி உள்ளே திரும்புவார். அந்தத் துண்டுக்கு ஒருநாளும் விலை போடப்பட்டதில்லை. வாப்பா காலையில் விற்று, கடை காசு கொடுத்து வாங்கி, கோக்கியின் சட்டியில் ஏறி இறங்கி, மத்தியானத்தில் கடையின் விருந்தாக எங்கள்முன் திரும்பி வந்த அந்த மணலைத் துண்டு, ஒரே நாளில் வியாபாரத்தின் எல்லையையும் அதற்கு அப்பாலுள்ள பிரதேசத்தையும் பார்த்துவிட்டு வந்த பண்டம்.

சோறு தீரும் சமயம் பரிமாறுகிற நானா பின்னால் வந்து நிற்பது நிழலிலே தெரியும். "என்ன மகன், இன்னொரு கை போடவா?" என்பார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கரண்டி சாய்ந்துவிடும். வளருகிற பிள்ளைக்குச் சோற்றைக் கணக்குப் பார்த்துப் போடுகிற கடைக்குப் பரக்கத்து இராது என்பது அவர்கள் நம்பிக்கை. உண்டு எழுந்து, பீப்பாய்க் குழாயில் கை கழுவி, பிளேன்டியும் குடித்து முடித்தபின், அவர் உள்ளே நின்றபடியே முதலாளிக்குக் கேட்கும்படி குரல் கொடுப்பார்: "வெள்ளைச் சாரம், கூட ஒரு சின்னவர், ஒண்டு நாப்பது!" ஆளுக்குப் பெயர் கிடையாது, உடுப்பே விலாசம். ஒருமுறை எங்கள் பின்னால் வந்த பெரிய உத்தியோகத்தர் ஒருவரைத் தொப்பியைக் கொண்டு அடையாளம் கூறி அவர் தொகையைக் கூவியபோது, அவர் முகத்திலே கோபமும் சிரிப்பும் மாறி மாறித் தோன்றி, கடைசியில் சிரிப்பே நிலைத்ததைக் கண்டேன்.

வீட்டுக்குத் திரும்பினால் உம்மாவின் விசாரணை தயாராக இருக்கும். என்ன கறி, என்ன சுண்டல், சம்பலுக்கு மாசி போட்டிருந்ததா, பருப்பைத் தாளித்தார்களா என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இறுதியில் வாப்பாவின் பக்கம் திரும்பி, "நம்மட மீனை வித்துட்டு, அந்தக் காசைக் குடுத்து அதையே தின்னுட்டு வாறீங்க. இதுக்குப் பேர் வியாபாரமா?" என்பார். வாப்பா பதில் சொல்லமாட்டார். உம்மாவின் கேலிக்கு உள்ளே ஒரு நியாயமான தாபம் இருந்தது என்பது எனக்கு வயது வந்த பிறகே விளங்கிற்று. நாள்தோறும் பிறருக்குப் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியோரத்தில் உட்காருகிறவர், தம் கணவரும் மகனும் வாரம் தவறாமல் பரிமாறப்பட்டு வந்த கதையை வேறு எப்படிக் கேட்பார்?

பட்டணத்திலே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இன்னொரு ஸ்தலமும் இருந்தது; அது வாடிவீடு. வழிப்பிரயாணிகள் தங்குவதற்கு விடுதி அமைக்கும் வழக்கம் ஒல்லாந்தர் காலத்தது என்பார்கள். பிரிட்டிஷார் இலங்கையின் பெருந்தெருக்கள் நெடுக அவற்றைப் பெருக்கினார்கள். கொழும்பு–கண்டி வீதியிலுள்ள அம்பேபுஸ்ஸ வாடிவீடு 1828 இல் தோன்றியதாகக் கணக்கு. 1954 இல் எலிசபெத் மகாராணி பொலனறுவையில் தங்கியதும் ஏரிக்கரை வாடிவீட்டிலேதான். தங்கள் தேசத்திலே கோயிலிலிருந்து திரும்பியதும் வாட்டிய மாட்டிறைச்சியோடு ஞாயிற்றுக்கிழமைப் பகல் போஜனத்தை நீட்டி முழக்கிச் சாப்பிட்ட வெள்ளைக்காரர், இங்கே வந்ததும் அந்தத் தினத்தின் சம்பிரமத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு பதார்த்தத்தை மாற்றிக்கொண்டார்கள். கொழும்புக் காலிமுகத்து ஹோட்டல் முதல் மூலைமுடுக்கு வாடிவீடு வரைக்கும், சோறும் கறியும் என்பது அவர்களுடைய விசேஷ உணவாகிவிட்டது. அவர்கள் போன பின்பு அந்த வழக்கம் நம்முடைய உத்தியோகத்தர்களின் சொத்தாயிற்று.

வாப்பாவிடம் வாடிக்கையாக இறால் வாங்கிய உப்பளத்து உத்தியோகத்தர் ஒருவர், மாற்றலாகிப் போகுமுன் எங்கள் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே விருந்துக்கு அழைத்தார். வெள்ளைத் துப்பட்டி விரித்த மேசை, பூப்போட்ட மூடிகளோடு வரிசையாகக் கறிப் பாத்திரங்கள், கரண்டியும் முள்ளும். முதலில் சூப் வந்தது. அதன்பின் சோறு வந்தது. சோற்றுக்குப் பிறகு தயிரும் கித்துள் பாணியும் வந்தன. வாடிவீட்டுப் பொறுப்பாளர், வயதான சிங்களவர், வாப்பாவின் தொப்பியைப் பார்த்ததும் அருகில் வந்து, குனிந்து, தாழ்ந்த குரலில், "முதலாளி, இறைச்சிய விடுங்க. மீனும் மரக்கறியும் வேற சட்டியில, வேற அகப்பையில ஆக்கச் சொன்னன்" என்றார். எங்கள் வருகையை முந்திய தினமே விசாரித்து வைத்திருந்திருக்கிறார். வாப்பா கரண்டியையும் முள்ளையும் ஒருபுறமாக ஒதுக்கிவிட்டு, கொண்டுவரச் செய்த தண்ணீரில் கை கழுவி, பிஸ்மில்லாச் சொல்லிக் கையால் சாப்பிட்டார். அதைப் பார்த்த உத்தியோகத்தரும் தம் முள்ளை வைத்துவிட்டார். அந்த மேசையில் நிகழ்ந்த உபசாரமும் எங்கள் கடையில் நிகழ்ந்ததும் ஒரே ஜாதிதான் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. ஆனால் சோறு மட்டும் அங்கே அளவோடு வந்தது; இன்னொரு கை வேண்டுமா என்று கேட்க ஆள் நிற்கவில்லை.

1966 இல் அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துவிட்டது. போயா தினங்களே வார விடுமுறை என்று சட்டமாயிற்று. சந்திரனைப் பின்பற்றிச் சென்ற அந்த விடுமுறை ஒரு வாரம் செவ்வாயிலும் மறு வாரம் புதனிலுமாக நகர்ந்துகொண்டிருக்க, ஞாயிற்றுக்கிழமை காரியாலயங்களும் பள்ளிக்கூடங்களும் திறந்தன. வாடிவீட்டு மேசைகளில் ஞாயிற்றுக் கூட்டம் இல்லாமற் போயிற்று. ஆனால் மீன் சந்தைக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் பழையபடியே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார்கள். எங்கள் மீனுக்குப் பழையபடியே விலை கிடைத்தது. அந்த வருஷங்களில் அப்பட்டணத்தில் ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையாகவே கொண்டாடியவர்கள் கிறிஸ்தவர்களும், அவர்கள் தயவால் கரையோரத்து முஸ்லிம்களுமே என்று சொன்னால் மிகையாகாது. 1971 இல் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் விடுமுறை ஆனபோது, "அது எங்க போயிருந்திச்சு?" என்று கேட்டார் வாப்பா.

அதன் பிறகு வந்த பஞ்சகாலந்தான் கடையை உண்மையாகவே சோதித்தது. சோற்றுக்கும் ராஜ்யத்துக்கும் உள்ள சம்பந்தம் இலங்கையில் புதிதன்று. 1953 இல் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியதன் பேரில் எழுந்த ஹர்த்தாலில் ஒரு பிரதம மந்திரியே பதவி துறக்க நேர்ந்ததை வாப்பா அடிக்கடி சொல்வார். எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதிக்குப் பணமின்றி அரிசியும் மாவும் சீனியும் மிளகாயும் ஒருங்கே தட்டுப்பட்டன. ஊருக்கு ஊர் அரிசி கொண்டுபோவதற்குத் தடை. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் சாப்பாட்டுக் கடைகள் சோறு விற்கக்கூடாது என்ற விதி. அந்த நாட்களில் எங்கள் கடையில் மரவள்ளியும் வற்றாளையும் அவித்து வைத்தார்கள். சோறு உண்டான நாட்களிலும் பீங்கானின் நடுவிலே சோறும் ஓரங்களில் கிழங்குமாக வந்தது. பரிமாறுகிற நானா இன்னொரு கை போடவா என்று கேட்பதை விடவில்லை. ஆனால் அந்தக் கையில் இப்போது கிழங்கே கூட இருந்தது. வாப்பா அந்தக் காலத்தில் கேளாமலே பாதியிலேயே கையை மறித்துவிடுவார். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்ட காலம் அது.

உம்மா அந்தக் கடைக்கு வந்தது வெகு காலம் கழித்து. ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப் போன நாளொன்றில், மத்தியானமாகிவிடவே, கடையின் பின்புறத்தில் பெண்களுக்கென்று திரையிட்டு வைத்திருந்த அறையில் உட்காரவைத்தேன். பழைய கோக்கி காலமாகிவிட்டார். அவர் மகன் சமைத்தார். ஆனால் பரிமாறுகிற நானா அதே மனிதர், தலை நரைத்துப்போய் இருந்தார். வந்திருப்பது யார் என்று அறிந்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. திரைக்கு வெளியே நின்று பீங்கான்களை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்து, "உம்மாவுக்கு வைங்க" என்றார். கடைசியாக வந்தது மீனாணம். உம்மா ஒரு வாய் எடுத்தார். சிறிது யோசித்தார். "முதல் பாலைக் கடைசியில விட்டுக் கொதிக்க விட்டுட்டாங்க, திரிஞ்சு போச்சு" என்றார். ஆனாலும் பீங்கானில் ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. திரைக்கு அப்பாலிருந்து "இன்னும் ஒரு கை?" என்று குரல் வந்தபோது, வாழ்நாளெல்லாம் அந்தக் கேள்வியைப் பிறரிடம் கேட்டே பழகியவர், பதில் சொல்லத் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார்.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில், யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வடக்கின் ஏனைய மாவட்டங்களிலிருந்தும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், உடுத்த உடையோடு புத்தளத்துக்கும் கல்பிட்டிக்கும் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தென்னந்தோப்புகளிலும் அவர்கள் நிறைந்தபோது, கலியாண வீட்டுத் தேக்சாக்கள் வீதிக்கு வந்தன; சாப்பாட்டுக் கடைகளில் சமைத்துப் பழகிய கைகளே அவற்றைக் கிண்டின. நூறு பேருக்கு என்று அரிசி போட்டால் இருநூறு பேர் வந்து நிற்கும் அந்த வரிசையில், அளந்து ஆக்கத் தெரிந்தவனைக் காட்டிலும் அளவுக்குமேல் ஆக்கிப் பழகியவனே பிரயோசனப்பட்டான். காசுக்குச் சோறு விற்ற தொழில், காசில்லாத நாளுக்கு ஓர் ஊரைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இன்று புத்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வில்பத்துக்குப் போகிறவர்களும், கல்பிட்டியில் காற்றுப் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கப் போகிறவர்களும் பெரிய கண்ணாடிக் கடைகளில் இறங்கி புரியாணி சாப்பிடுகிறார்கள். குளிரூட்டிய அறையில் பெண்களும் பிள்ளைகளும் ஆண்களோடு ஒன்றாக உட்காருகிறார்கள். உம்மாவின் காலத்தை நினைக்கும்போது இந்த ஒரு மாறுதலுக்காகவே நான் மற்றெல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன். அவசரக்காரருக்குச் சோற்றுப் பார்சல் இருக்கிறது. அது கூலித் தொழிலாளியின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதையும், நியாயமான விலைக்கு வயிற்றை நிரப்புகிறது என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் பார்சலில் சோற்றின் அளவு கட்டும்போதே தீர்ந்துவிடுகிறது. பசி எவ்வளவு என்று கேட்பதற்கு அங்கே ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை.

வாப்பா தம் கடைசிக் காலத்தில், உம்மாவின் பழைய கேலிக்கு ஒருநாள் பதில் சொன்னார். ஹோட்டல் வைப்பதற்கு யோசித்துக்கொண்டிருந்த என் மாமா மகன் ஆலோசனை கேட்டு வந்திருந்த சமயம் அது. வாடகை, அரிசி விலை, கூலி என்று அவன் காகிதத்தில் கணக்கு எழுதிக் காட்டினான். வாப்பா அதைக் கடைசிவரை படித்துவிட்டு, "கறியில லாபம் பாரு, தம்பி, அதுல தப்பில்ல. சோத்துல மனுசனப் பாரு" என்றார். உம்மா அடுப்படியிலிருந்து, "மீனாணத்துக்கு முதல் பாலைக் கொதிக்க விடாதே எண்டும் சொல்லிவிடுங்க" என்றார். மாமா மகன் இரண்டையும் காகிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டான். அவன் வைத்த கடை இன்றும் நடக்கிறது. சோற்றுக்கு அங்கே இன்றும் கணக்கில்லை.